முன்னைக்கீரைக் கூடை

மழை வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய் ஆறு நாளாகிவிட்டது. மலைக்குடிலில் அரிசி கொஞ்சம் இருந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. பதினோரு பேர் வெறும் கஞ்சியைக் குடித்து முகம் வாடிக் கிடந்தார்கள்.

குடிலின் குரு மயிலம்மைக்கு நாற்பது வயது. சீடர் சடகோபனுக்கு அறுபது. பஸ் கண்டக்டராக இருந்தவர். காட்டுக்கீரை பறிக்கும் பொறுப்பைத் தனக்குத்தான் தரவேண்டும் என்று ஒரு வருடமாக விடாமல் கேட்கிறார். உடும்புப்பிடி!

அன்று மயிலம்மை கேட்டாள்: "முன்னைச் செடிக்கு என்ன அடையாளம்?"

"கணுவுக்கு ரெண்டு இலை, எதிரெதிரா. கசக்கினா வாசம் தூக்கும்."

"பக்கத்துலயே நிக்குற ஒடுவன்?"

"இலை மாறி மாறி வரும். அந்த வாசம் கிடையாது. தின்னா ஆள் காலி."

"சரி, போயிட்டு வாங்க."

அடேயப்பா, அந்த மனுஷர் போன வேகம்! பத்து மணிக்கெல்லாம் கூடையை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் உதிரி இலை. கொழுந்தைக் கணுவோடு கிள்ள வேண்டும் என்றுதான் அவள் பழக்கியிருந்தாள். பசித்த வயிறுகளை நினைத்து, அவசரத்தில் கொப்பு கொப்பாக உருவிவிட்டார்.

"எல்லாம் முன்னைதானா?"

"சத்தியமா முன்னைதாம்மா. எழுதித் தரட்டுமா?"

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அவர் கூடையைக் கவிழ்க்கப் போனார். மயிலம்மை தடுத்தாள்.

"முதல்ல ஒரு பிடி வதக்கி நீங்க மட்டும் சாப்பிடுங்க. நாளைக்கு மத்தவங்களுக்குப் போடலாம்."

"அதுக்கென்ன, பேஷா!"

ஒரு பிடி அள்ளினார். சட்டிக்கு மேலே கை நின்றுவிட்டது. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். பிறகு இன்னொன்று. ஏழாவது இலையை மூன்று தரம் முகர்ந்தார். வாசமே இல்லை.

விறுவிறுவென்று போய்க் கூடையிலிருந்த எல்லாவற்றையும் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். வெறுங்கூடையோடு வந்து நின்றார்.

"திரும்பப் போறேம்மா. கணுவோட கிள்ளிக்கிட்டு வர்றேன். இனி தப்பு வராது."

"கிள்ளுறது இருக்கட்டும். உங்க வாய்க்கு மட்டும்னு சொன்னதும் நின்ன கை, பதினோரு பேருக்குப் போடப் போனப்ப ஏன் நிக்கலை?"