மக்ரோனி படைத்த சிவக்கொழுந்தர்

தென்பாதிமங்கலத்துச் சிவன் கோயில் அன்னதானக் கூடத்தில் பாத்திரம் தேய்ப்பதே சிவக்கொழுந்தரின் திருப்பணி. கரி படிந்த அண்டாவுக்குள் இறங்கி நின்று, ஐந்தெழுத்தைச் சொல்லியபடியே தேய்ப்பார். ஈசனுக்குப் படைக்காமல் ஒருவர் இலையிலும் எதுவும் விழக்கூடாது, அதற்கு முன் நாவில் வைத்துப் பார்க்கவும் கூடாது என்பதில் அவர் பிடிவாதக்காரர்.

ஒரு ஐப்பசியில் புயல் எங்கள் ஊரைத் துண்டித்துப் போட்டது. கோயில் அரிசி முழுக்க நனைந்து வீணானது. முந்நூறு பேர் மண்டபத்தில் ஒதுங்கியிருந்தோம். இரண்டாம் நாள் படகில் வந்த நிவாரண மூட்டைகளைப் பிரித்தால், சோழி சோழியாய் மக்ரோனி, கோதுமை மாவில் செய்த வெளிநாட்டுப் பண்டம். தலைமைச் சமையல்காரர் வைத்தியலிங்கம் இதையெல்லாம் தொட மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். சிவக்கொழுந்தர் போய் அடுப்பை மூட்டினார்.

"சட்டி கழுவுறவரு சாமிக்குச் சமைக்கிறாராம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் வைத்தியலிங்கம்.

முதல் அண்டா மோசம் போனது. சோற்றைப் போல மூடி வேகவிட்டதில் எல்லாம் பசையாகிவிட்டது. சுவரொட்டி ஒட்டலாம் என்று சிரித்தார்கள். மீதி மூட்டைகள் ஒரு வேளைக்குத்தான் வரும். பிள்ளைகள் பசியில் அழுதன. வாயில் போட்டுப் பார்த்து இறக்குங்கள் என்று பலரும் கெஞ்சியும் அவர் இணங்கவில்லை. மறு அண்டாவைத் திறந்தே கொதிக்கவிட்டு, ஒவ்வொரு சோழியாக எடுத்து நகத்தால் கிள்ளினார். உள்ளே வேகாத மாவு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அது மறைந்ததும் உடனே கூடையில் வடித்து, கடுகும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தாளித்துப் புரட்டினார்.

சபேசக் குருக்கள் தயங்கினார். இதைப் படைக்கலாம் என்று எந்த நூலிலும் அவர் படித்ததில்லை.

"குருக்களய்யா, வெளியில இருக்கிறவங்களுக்கு இன்னிக்கு இதுதான் சோறு. அவங்க சாப்பிடுறத அவரு சாப்பிட மாட்டாரா?" என்று கேட்டார் சிவக்கொழுந்தர்.

குருக்கள் இலிங்கத்தின் மேல் இருபுறமும் பூ வைத்தார். வலப்பூ விழுந்தால் இறைவன் உத்தரவு, இடப்பூ விழுந்தால் மறுப்பு என்பது அங்கே வழக்கம். வைத்தியலிங்கமும் வந்து நின்றார். குருக்கள் கையை எடுத்த மறுகணமே வலப்பூ விழுந்தது. மக்ரோனியை ஈசனுக்குப் படைத்தார்.

அறங்காவலருக்கு மட்டுமே கட்டும் பரிவட்டத்தைக் குருக்கள் ஈசன் மேலிருந்து எடுத்து வந்து, கரி அப்பிய அந்தத் தலையில் கட்டினார். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அடியாரோ, "முதல்ல இலையப் போடுங்க" என்று கூடத்துக்கு ஓடினார். வைத்தியலிங்கம் அண்டாவின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

உப்பு சரியாக இருக்கிறதா என்று எங்களிடம் கேட்டுத்தான் அடியார் தெரிந்துகொண்டார். ஏழைகளின் சாப்பாட்டை ஈசனையும் உண்ண வைத்த சிவக்கொழுந்தர் எங்கள் ஊர்க்காரர். அதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் தலை நிமிர்கிறது.