மூன்றாவது வரிசைக்காரர்

பாளையங்கோட்டைப் பள்ளி மண்டபம் ஒன்றில் கெசியாவின் முதல் பியானோ கச்சேரி. வாசல் சுவரொட்டியில் அவள் பெயரைவிடப் பெரிதாக ‘அனுமதி இலவசம்’ என்று போட்டிருந்தார்கள். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

“சும்மா வர்றவங்க சும்மாதான் மிஸ் உக்காந்திருப்பாங்க. கேக்க மாட்டாங்க.”

ரூபவதி மிஸ் பதினோரு வருஷமாக அவளுக்குச் சொல்லிக் கொடுப்பவர். போய் மண்டபத்தின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

ஐந்தரை மணிக்கு எழுபது பேர் போல வந்துவிட்டார்கள். கல்லூரிப் பெண்கள், கோவில்பிள்ளை டாக்டர் குடும்பம், பாடகர் குழுவினர், மழைக்கு ஒதுங்கியவர்கள் சிலர். கடைசியாகக் காக்கிச் சட்டையில் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

முதல் இரண்டு உருப்படிகளும் நன்றாகவே போயின. கைதட்டல் கிடைத்தது.

மூன்றாவது, மெதுவான உருப்படி. அதற்காக ஆறு மாதம் உழைத்திருந்தாள். அதில் ஒரு இடத்தில் இரண்டு கையும் ஓய்ந்து, ஒற்றைச் சுரம் மட்டும் நிற்கும். அந்த இடத்தை நெருங்கும்போது பார்வை ஒரு கணம் மண்டபத்துப் பக்கம் போனது. கண்டக்டரின் தலை தொங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கெசியாவுக்குச் சுருக்கென்றது.

விரல்கள் இறுகின. மெதுவாகப் போக வேண்டியது வேகமெடுத்தது. அந்த ஒற்றைச் சுரத்தை, அவர் விழிக்கட்டும் என்றே, ஓங்கி அடித்தாள். அவர் விழிக்கவில்லை.

நாலாவதும் முடிந்தது. அவர் தலை நிமிரவே இல்லை. கெசியா எழுந்து நின்றாள்.

“மூணாவது வரிசையில இருக்கிற அண்ணாச்சி, தூங்கணும்னா வீட்டுல போய்த் தூங்கலாமே!”

மண்டபம் சிரித்தது.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணும் சிரித்துக்கொண்டேதான் அவர் தோளைத் தட்டினாள். தோல் பை மடியிலிருந்து நழுவி விழுந்தது. டிக்கெட் கட்டுகள் தரையில் சிதறின. அவர் அப்படியே அவள் மேல் சாய்ந்தார்.

அவள் அலறிவிட்டாள்.

கோவில்பிள்ளை டாக்டர் ஓடி வந்தார். கீழே படுக்கவைத்து நெஞ்சை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர்களும் பார்த்துவிட்டு டாக்டர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

“எப்ப சார்?” கெசியாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“சரியாச் சொல்ல முடியாதும்மா. நான் வந்து பாத்தப்பவே உயிர் போயி ஒரு கால் மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்.”

கால் மணி நேரம். அவள் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. மெதுவான உருப்படி.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் போய்ச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.   செத்தவரைப் பார்த்தா அப்படிச் சொன்னேன்? ஊரே சிரித்ததே.

ரூபவதி மிஸ் உள்ளே வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“அவரு பேரு என்ன மிஸ்?”

“மாடசாமியாம். சாயங்கால டூட்டி மாத்துற நேரத்துல வந்திருக்காரு. டிப்போவுக்குச் சொல்லியாச்சு.”

“அவரு கேட்ட கடைசிச் சத்தம் நான் அடிச்சது. கோபத்துல அடிச்சது.”

மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே நான் வாசிக்க மாட்டேன்.”

“ம்.”

“தெரிஞ்சிருந்தா அப்படிப் பண்ணியிருப்பேனா?”

“என்ன பண்ணியிருப்ப?”

“அவருக்குன்னே வாசிச்சிருப்பேன் மிஸ். ஒவ்வொரு சுரமும் அவருக்காக. அந்த இடத்துல மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டேன். இதுதான் அவரு கடைசியாக் கேக்குறதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

அதற்குமேல் வரவில்லை. விம்மி விம்மி அழுதாள். அழுது ஓயும்வரை மிஸ் அவள் கையை விடவில்லை.

பிறகு எழுந்து மேடைத் திரையை ஒரு ஓரமாக விலக்கினார்.

ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. சிதறிய டிக்கெட்டுகளை யாரோ பொறுக்கிப் பைக்குள் வைத்து, பையை அந்த நாற்காலியில் வைத்திருந்தார்கள். மற்ற நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் எழுந்து போகவே இல்லை. 

கெசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“இவங்கள்ல யாரு இதைக் கடைசியாக் கேக்குறாங்கன்னு உனக்குத் தெரியுமா?” என்றார் ரூபவதி மிஸ்.