பூட்ஸ் சத்தம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் மேனேஜர் நல்லசிவத்துக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். கொஞ்ச நாளாகத் தையல் கோணுகிறது, ஊசி ஒடிகிறது. எவனோ வேண்டுமென்றே கெடுக்கிறான்! கூட்டிப் பெருக்கும் குருவாத்தாளைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லா மூலையும் பெருக்கறவ நீ. உனக்குத் தெரியாம நடக்குமா? சாயந்திரத்துக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா நீயும் கூட்டுன்னு வெளிய அனுப்பிருவேன்."

"காட்டறனுங்க. உங்க பூட்ஸைக் கழட்டிக் குடுத்துட்டு, ஹால்ல அந்தத் துணி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு பாருங்க."

இவள் எதற்கு அடிபோடுகிறாள்? முறைத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டு ஒளிந்தார்.

ஹாலில் தையல்காரர்களிடையே ஒரே அரட்டை, சிரிப்பு. தையல் என்னவோ நூல் பிடித்தாற்போல் நேராகத்தான் ஓடியது. அப்போது கதவுக்கு வெளியே டக், டக் என்று பூட்ஸ் சத்தம். பேச்சு நின்றது. கைகள் நடுங்கின, தையல் கோணியது. எங்கோ ஓர் ஊசி படக்கென்று ஒடிந்தது.

மேனேஜர் வெறுங்காலோடு வெளியே ஓடிவந்தார். "கெட்டுப்போனதைப் பார்த்தேன். கெடுத்தவனைக் காணோமே?"

குருவாத்தாள் பூட்ஸைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"தினமும் இதுக்குள்ள வர்ற ஆள்தானுங்க. காலை விட்டுப் பாருங்க, யாருக்குச் சரியா இருக்குதுன்னு."