முள்ளம்பன்றியின் வாழ்க்கை நாடகம்

தேக்கங்காட்டில் வேலாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பச்சைத் தேக்கிலையில் முள்ளால் கீறிக் கதை எழுதும். கீறிய இடம் சிவந்து எழுத்தாகிவிடும். காடு முழுக்க வேலாயியின் பெயர் பிரபலம். அதன் கதைகளைப் படித்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் குளத்து நாரை வேலாயியின் வளைக்கு முன்னால் வந்து நின்றது.

"உங்க வாழ்க்கையை இசை நாடகமா போடப்போறோம். முழுக்கப் பாட்டுத்தான். உங்க வாழ்க்கையில என்னென்ன நடந்துச்சு?"

"எழுதினேன்," என்றது வேலாயி.

"அப்புறம்?"

"அப்புறமும் எழுதினேன். இப்பவும் ஒரு கதை பாதியில நிக்குது. கொஞ்சம் போறீங்களா?"

வேலாயியின் செத்துப்போன குட்டியைப் பற்றிய கதை அது. அதை வாயால் சொல்ல வேலாயியால் இன்றுவரை முடிந்ததில்லை. அதனால்தான் எழுதியது.

நாரைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடுக்கியிருந்த இலைகளில் ஒன்றையாவது புரட்டிப் பார்த்ததா? இல்லை. தானே ஒரு வாழ்க்கையை ஜோடித்தது. அதில் வேலாயி ஒரு புலியைக் காதலித்தது, ஆற்றோடு போனது, கடைசியில் பாடிக்கொண்டே செத்தது. வேலாயியாக நடிக்க மயிலைப் பிடித்தார்கள். முள்ளுக்குப் பதில் தோகை இருக்கிறதாம். மயில் பாடிக் கேட்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஒத்திகை வளைக்குப் பக்கத்திலேயே நடந்தது. வேலாயியால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் பாடக்கூடாதா?"

"எல்லாம் உங்களுக்காகத்தானே," என்றது நாரை.

நாடகத்தன்று வேலாயி கிழங்கு தோண்டப் போய்விட்டுத் திரும்பியது. வளையில் ஓர் இலைகூட இல்லை. குட்டியின் கதையையும் காணோம். பதறிக்கொண்டு மேடைக்கு ஓடியது. மேடைக் கூரை முழுக்கத் தேக்கிலை. அத்தனையிலும் சிவப்பு எழுத்து.

கீழே மயில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது: "வேலாயி எழுத்து அழியாது, அழியாது!"

"என் கதையை எதுக்கு எடுத்தீங்க?" என்று கத்தியது வேலாயி.

"கூரைக்கு இலை பத்தலைங்க. அங்க சும்மாதானே கிடந்துச்சு?" என்றது நாரை.

வேலாயி பந்தல்காலைப் பிடித்து உலுக்கியது. காய்ந்த இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"யாருப்பா இது? சாகுற கட்டத்துல வந்து கெடுக்குது," என்று கூட்டம் சலித்துக்கொண்டது.

"நான்தான் வேலாயி."

"வேலாயி அங்க செத்துக்கிட்டு இருக்காங்க. நீ சத்தம் போடாம உட்காரு."

மயில் கடைசி அடியைப் பாடி விழுந்தது. மாலை போடக் கூட்டம் மேடைக்கு முண்டியடித்தது. அத்தனை பேரும் இலைகளை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். மிஞ்சியது சருகுத்தூள். வேலாயி அதற்குள் உட்கார்ந்து தன் குட்டிக்காக அழுதது. அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் மயிலுக்காக அழுதுகொண்டிருந்தார்கள்.

எழுதியவரைக் கொண்டாட ஆசைப்பட்டால், தயவுசெய்து முதலில் அவர் எழுதியதைப் படியுங்கள்.