குறைந்த ஒரு ஓட்டு

பக்கத்து ஊர் அத்திக்குளத்தில் ஒருவர் விடாமல் ஓட்டுப் போட்டுக் கேடயம் வாங்கியதிலிருந்து, எங்கள் ஊராட்சித் தலைவர் சடையப்பனுக்கு ஒரே வயிற்றெரிச்சல். "இந்தத் தேர்தல்ல ஓட்டுப் போடாத வீட்டுக்குக் குழாய்த் தண்ணி கிடையாது" என்று தண்டோரா போட்டார்.

அப்படியும் ஒரே ஒரு ஓட்டு குறைந்தது. கேடயம் மறுபடியும் அத்திக்குளத்துக்கே போனது.

தண்ணீர் திறந்துவிடும் இருளாயியிடம் சீறினார்: "அந்த ஆளைக் கண்டுபிடிச்சு நாளைக்குத் தண்ணியை நிறுத்து. இல்லைன்னா உனக்கு வேலை இல்லை."

மறுநாள் காலை, தலையெல்லாம் சோப்பு நுரையோடு தலைவரே தெருவுக்கு ஓடிவந்தார்.

"என் வீட்டுத் தண்ணியை யார் நிறுத்தினது?"

"நான்தான் தலைவரே. ஊர்ல எல்லார் விரல்லயும் மை இருக்கு. உங்க விரலைக் காட்டுங்க."

தலைவர் கையைப் பின்னால் ஒளித்தார்.

"ஓட்டுப்பதிவு அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அத்திக்குளத்து வரிசையைத்தானே எண்ணிக்கிட்டு நின்னீங்க? குளிக்கவும் அங்கேயே போங்க. அங்க எல்லா வீட்லயும் தண்ணி வருது."