பத்துப் புளியமுத்து

கொம்பேறிக்கோட்டைப் பாளையத்தை ஆண்ட விசயரங்க பூபதிக்கு மீசை பெரிது. கோபம் அதைவிடப் பெரிது. புத்தியைப் பற்றி நாம் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும்? தலை நமக்கும் ஒன்றுதானே இருக்கிறது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா ஒரு காரியம் நடக்குமா என்று கேட்டால் வாயால் பதில் சொல்லக்கூடாது. ஆளுக்குப் பத்துப் புளியமுத்து, அதாவது புளியங்கொட்டை. நடக்கும் என்று எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு முத்தைத் தன் தேங்காய்ச் சிரட்டையில் போட வேண்டும். சிரட்டைகளைக் கவிழ்த்து எண்ணிச் சொல்வது விகடன் சடையாண்டியின் வேலை.

அன்று ராஜா கேட்டார், "ஐப்பசியில் மழை பெய்யுமா?"

தளவாய், பொக்கிஷக்காரர், சோதிடர், ராஜாவின் மைத்துனர் ரங்கப்பன், நாலு பேரும் எட்டு, ஒன்பது என்று போட்டார்கள்.

"நம் சினைப்பசு கிடாரிக் கன்று போடுமா?"

நாலு சிரட்டையிலும் ஐந்து.

ராஜா மீசையைத் தடவினார். "ஆகா! அறிவாளிகளின் சபை. இப்போது சொல்லுங்கள். நான் பக்கத்துப் பாளையத்தின் மேல் படையெடுத்தால் ஜெயம் கிடைக்குமா?"

படையெடுப்புக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. போன திருவிழாவில் அந்த ஊர் ராஜா கொடுத்த தாம்பூலத்தில் பாக்கு இல்லை. அவ்வளவுதான்.

சடையாண்டி சிரட்டைகளைக் கவிழ்த்தான். தளவாய் பத்து. பொக்கிஷக்காரர் ஒன்று. சோதிடர் ஐந்து. ரங்கப்பன் ஒன்பது.

ராஜாவின் கண் சிவந்தது. "உண்மை என்பது ஒன்றுதானே? இப்படி ஆளுக்கொன்று போட்டால் பொய் சொல்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? நாளைக் காலையில் நாலு சிரட்டையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல் ஊர்வலம். சடையாண்டி, எண்ணிச் சொன்ன நீயும்தான்!"

வெளியே வந்ததும் நாலு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். ராஜாவின் ஆசை பத்து. ஆகவே நாளைக்கு எல்லோரும் பத்து. முடிந்தது கதை.

சடையாண்டி கழுதைக்குப் பயப்படவில்லை. பத்து விழுந்தால் படை கிளம்பிவிடும். அவன் தம்பி காலாட்படையில் முதல் வரிசை. ஒரு பாக்குக்காகவா அந்தப் பிள்ளை சாக வேண்டும்?

மறுநாள் சபை கூடியது. முத்தைக் கையில் எடுத்தவர்களைச் சடையாண்டி தடுத்தான்.

"பொறுங்கள் சாமி! பிரபு, இவர்கள் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். தளவாய் ஐயா, ஜெயம் என்றால் என்ன?"

"இது என்ன கேள்வி? எதிரியின் கொடி இறங்கினால் ஜெயம்."

"பொக்கிஷக்கார ஐயா?"

"செலவு போகக் கையில் ஏதாவது மிஞ்சினால் ஜெயம்."

"சோதிடர் ஐயா ஐந்து போட்டார். ஜெயித்தாலும் தோற்றாலும் 'அப்போதே சொன்னேனே' என்பார். அவருக்கு அதுதான் ஜெயம். மைத்துனர் ஐயா?"

ரங்கப்பன் யோசிக்கவே இல்லை. "அத்தான் படையோடு கிளம்பினாலே ஜெயம்தான்."

"பிரபு போன பிறகு சிங்காசனத்தை யார் பார்த்துக்கொள்வது?"

"வேறு யார், நான்தான்!"

ராஜாவின் மீசை ஒரு தரம் துடித்தது.

சடையாண்டி கை கூப்பினான். "பிரபு, மழையில் நாங்கள் எல்லோருமே நனைந்திருக்கிறோம். மழை எது என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. போரை இங்கே ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆளுக்கொரு போரை மனசுக்குள் நடத்திவிட்டு வந்திருக்கிறார்கள். கேள்வி நாலாக இருந்தால் எண்ணிக்கை எப்படி ஒன்றாகும்? எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிகிற கேள்வியாக நான் கேட்கட்டுமா?"

"கேள், பார்ப்போம்."

"நம் மகாராஜா போருக்குப் போய் முழு உடம்போடு திரும்பி வருவாரா?"

மடமடவென்று முத்து விழுந்தது. நாலு சிரட்டையிலும் பத்து. ரங்கப்பன் பதற்றத்தில் பதினொன்றாவது முத்தைத் தேடினான்.

ராஜா துள்ளி எழுந்தார். "பார்த்தாயா ஒற்றுமையை! ஊதுங்கள் கொம்பை!"

"ஊதலாம் பிரபு. இன்னும் ஒரே ஒரு கேள்வி. தாங்கள் முன் வரிசையில் நிற்கும்போது வலப்பக்கம் தளவாயும் சோதிடரும், இடப்பக்கம் பொக்கிஷக்காரரும் மைத்துனரும் நின்றால்தானே அழகு?"

"நல்ல யோசனை! அப்படியே ஆகட்டும்."

"ஐயாமார்களே, இப்போது போடுங்கள். நீங்கள் முழு உடம்போடு திரும்பி வருவீர்களா?"

தளவாய்க்குப் பழைய முழங்கால் வலி நினைவுக்கு வந்தது. சோதிடர் தன் ஜாதகத்தையே அப்போதுதான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது, முகம் வெளுத்துவிட்டது. "அத்தான், நானுமா?" என்றான் ரங்கப்பன். ராஜா முறைத்தார்.

சடையாண்டி சிரட்டைகளைக் கவிழ்த்தான். ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.

"பிரபு கேட்டபடியே நாலு பேரும் ஒரே எண்ணிக்கை. இனிக் கழுதை வேண்டாம்."

"அடே!" என்று உறுமினார் ராஜா. "ஒரே போர், ஒரே இடம். எனக்குப் பத்து, பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றா?"

"முதலில் போட்டது தங்கள் முகத்தைப் பார்த்து, பிரபு. பிறகு போட்டது அவரவர் உயிரைப் பார்த்து."

"அப்படியானால் நான் எதை நம்புவது?"

"இரண்டையுமே நம்பலாம். தாங்கள் திரும்பி வருவது உறுதி, பத்துக்குப் பத்து. ஆனால் தனியாகத்தான் வருவீர்கள். அதனால் படை கிளம்புவதற்கு முன்னால், பிரபு, சோறு பொங்கவும் துணி துவைக்கவும் கொஞ்சம் பழகிக்கொண்டால் நல்லது."

ராஜா அவனை வெறித்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அதைப் பார்த்து நாலு பேரும் கூடவே சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ராஜா, கொம்பு ஊத வந்தவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, தன் கை மோதிரத்தைக் கழற்றிச் சடையாண்டியிடம் நீட்டினார்.

"வேறு ஏதாவது வேண்டுமா?"

"இதுவே போதும், பிரபு. தாங்கள் சிரித்தபோது கூடவே சிரித்த அந்த நாலு பேரையும் மட்டும், எதற்குச் சிரித்தார்கள் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்."