கிளறாமல் வைத்த பழ ஐஸ்

திருச்சி புத்தூரில் ஒரு குரு இருந்தார். இருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஞானம் வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார்கள்.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. பெயர் தையல்நாயகி. மற்ற நாட்களில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, வருகிறவர்களுக்குத் தியானம் சொல்லித் தருவார். காவி கட்டுவதில்லை. யாராவது குருவே என்று கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

சீடருக்கு வயது அறுபத்து நான்கு. பெயர் பூவராகன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பிடித்தாலும் உடும்புப்பிடி. ஓய்வு பெற்ற புதிதில் நடைப்பயிற்சியைப் பிடித்தார், முட்டி வீங்கும் வரை விடவில்லை. பிறகு பாகற்காய்ச் சாற்றைப் பிடித்தார். இப்போது தியானம்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு நாலு மணிக்கு. பூவராகன் காலை பதினொரு மணிக்கே வந்து கதவைத் தட்டினார்.

"ஒரு கேள்வி அம்மா."

"முதல்ல தண்ணி குடிங்க ஐயா."

குடித்தார். வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த படி எப்ப சொல்லித் தருவீங்க?"

"இந்தப் படி ஏறியாச்சா?"

"ஏறியாச்சும்மா. மனசுல ஒரு அலை இல்ல. அப்படியே நின்னு போச்சு."

எப்படி நின்றது என்பதையும் அவரே விளக்கினார். தை மாதத்தில் ஒரு நாள் தையல்நாயகி வகுப்பில் எல்லோரிடமும் ஒன்று சொல்லியிருந்தார். ஒரு வாரம் வீண் பேச்சைக் குறைத்துப் பாருங்கள் என்று. மற்றவர்கள் இரண்டு நாள் குறைத்துவிட்டுப் பழையபடி பேசப் போய்விட்டார்கள். பூவராகன் விடவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர் வாயே திறப்பதில்லை. தை போய், மாசியும் பங்குனியும் போய், சித்திரையும் வந்தாயிற்று.

"டீக்கடையில?" என்று கேட்டார் தையல்நாயகி.

"அங்க பேசுவேன். நாலு பேர் கேட்டா பதில் சொல்லணும்ல."

"இங்கயும் பேசறீங்க."

"இங்க பேசறது ஞான விஷயம்."

"வீட்டுல?"

"வீட்டுல என்னம்மா இருக்கு. புளி தீந்து போச்சு, கேஸ்காரன் வரல, குழாய் ஒழுகுது. நீங்க வீண் பேச்சுன்னு சொன்னது அதைத்தானே."

தையல்நாயகியின் முகம் வாடியது. பூவராகன் அதைப் புழுக்கம் என்று எடுத்துக்கொண்டு, எழுந்து போய் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் இருப்பது பூவராகனும் அவர் மனைவி சௌந்தரமும் மட்டும்தான். அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று தையல்நாயகி கேட்டார். பூவராகன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். முதலில் சௌந்தரம், என் மேல் என்ன கோபம் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். பிறகு தொண்டையில் ஏதோ வியாதி என்று பயந்து டாக்டரிடம் போகலாம் என்று அழுதாள். மாசி மாதம் ஒரு நாள் காய்கறி வாங்கப் போனவள், டீக்கடை வாசலில் இவர் நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவளும் அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு தயார் என்பதைக்கூட அடுப்பைப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

இன்றைக்குக் காலையில் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணி ரயிலில் மாயவரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். வேண்டாம் என்று சொல்வதானால் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று, மடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலையை ஆட்டினேன்."

"போங்கன்னா, போக வேண்டாம்னா?"

பூவராகன் யோசித்தார். தனக்கே தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

"ஆனா அப்பவும் மனசு ஆடலம்மா. துளிக்கூட ஆடல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தையல்நாயகி எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வாங்க ஐயா, பழம் நறுக்கலாம்."

அடுத்த படியைக் கேட்டவரிடம் அரிவாள்மணையைக் கொடுத்தால் வேறு யாராவது முகம் சுளித்திருப்பார்கள். பூவராகனுக்கோ உள்ளுக்குள் குதூகலம். குருமார்கள் சீடனுக்கு எடுபிடி வேலை கொடுத்துத்தான் சோதிப்பார்கள் என்று அவர் எத்தனையோ கதை கேட்டிருக்கிறார். சோதனை தொடங்கிவிட்டது, தேறிவிட வேண்டியதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மாம்பழம், தர்பூசணி, அன்னாசி, கறுப்புத் திராட்சை. பூவராகன் எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்கினார். தையல்நாயகி சாத்துக்குடியைப் பிழிந்து, எலுமிச்சையும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கினார். பழத்தைப் பெரிய எவர்சில்வர் டிரேயில் பரப்பிச் சாற்றை மேலே ஊற்றினார்கள். மாடி ஏறி வருகிறவர்களுக்கு இந்த வெயிலில் ஆளுக்கு ஒரு கிண்ணம் பழ ஐஸ் கொடுக்க வேண்டும், தண்ணீர் மட்டும் கொடுத்து உட்காரச் சொல்வது பாவம் என்றார் தையல்நாயகி.

டிரேயை ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஒரு முள்கரண்டியைப் பூவராகன் கையில் கொடுத்தார்.

"அரை மணிக்கு ஒருதரம் வெளிய எடுத்து, அடி வரைக்கும் கிளறி விடுங்க. ஓரத்துல பிடிக்கறதைச் சுரண்டி நடுவுல தள்ளுங்க. நாலு மணிக்குள்ள மணல் மணலா வந்துடும்."

"சரிம்மா."

"மறந்துடாதீங்க."

"மறப்பேனா?"

வகுப்புக்கு வருகிற ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன், பாத்திரத்தில் தயிர்சாதம் இருக்கிறது, பசித்தால் போட்டுச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி கிளம்பிப் போனார்.

பூவராகன் மறக்கவில்லை. அது அவர் மேல் சொல்ல முடியாத குற்றம். சரியாக அரை மணியில் முள்கரண்டியும் கையுமாக ஃப்ரீசரைத் திறந்து டிரேயை வெளியே இழுத்தார்.

சாற்றின் மேலே மெல்லிசாக ஓர் ஆடை கட்டியிருந்தது. அதற்குக் கீழே மாம்பழத் துண்டுகள் அசையாமல் கிடந்தன. பார்க்க அவ்வளவு அமைதியாக இருந்தது. இதில் போய் முள்கரண்டியை விட்டுக் குழப்புவதா? அவருக்கு மனது வரவில்லை.

கூடவே தயிர் நினைவுக்கு வந்தது. உறை ஊற்றிய பாத்திரத்தை யாரும் தொடக் கூடாது, தொட்டால் தயிர் நீர்த்துப் போகும். கல்யாணமான நாளிலிருந்து சௌந்தரம் அவரிடம் சொல்லி வந்தது இது. பால் உறைவதற்கு ஆட்டாமல் வைக்க வேண்டும் என்றால் பழச்சாறு உறைவதற்கு மட்டும் ஏன் ஆட்ட வேண்டும்? யோசிக்க யோசிக்க அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிளறு என்று சொன்னதுதான் சோதனை. மனதைக் கிளறாமல் இருக்கக் கற்றவன் இதைக் கிளறுகிறானா என்று பார்க்கிறார் அம்மா. யாரிடம்!

டிரேயை அலுங்காமல் உள்ளே தள்ளி மூடினார். முள்கரண்டியைக் கழுவி வைத்தார். தயிர்சாதம் சாப்பிட்டார். பிறகு ஃப்ரிட்ஜுக்கு எதிரே பாயைப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்குத் தியானம் அமோகமாக வாய்த்தது. வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது, பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. பூவராகன் கண்ணைத் திறக்கவில்லை. நடுவில் ஒருமுறை சௌந்தரத்தின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது, அதன் பிடி ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் அப்படியே வரவிட்டு, அப்படியே போகவிட்டார். தன்னை நினைத்து அவருக்கே வியப்பாக இருந்தது.

நாலு மணிக்குத் தையல்நாயகி வந்தார். பின்னாலேயே ஆறு பேர் படியேறி வந்தார்கள். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா முகம் சிவந்துபோய், சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் வியர்வை ஆறாய் ஓடியது. பூவராகன் எழுந்து ஆளுக்கொரு கிண்ணமும் கரண்டியும் வைத்தார். பிறகு ஃப்ரீசரைத் திறந்து டிரேயைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

அழகாகத்தான் இருந்தது. மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாகப் பழங்கள் ஐஸுக்குள் அப்படியே நின்றன. ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்தார்கள்.

"கிளறினீங்களா ஐயா?" என்று கேட்டார் தையல்நாயகி.

"இல்லம்மா. ஒரு அசைவு இல்லாம வச்சிருந்தேன். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க."

தையல்நாயகி குனிந்து பார்த்தார்.

"அழகா இருக்கு. எல்லாருக்கும் எடுத்துக் குடுங்க."

பூவராகன் கரண்டியைப் போட்டார். டங்கென்று சத்தம் வந்தது. ஓரத்தில் போட்டுப் பார்த்தார். அழுத்தினார். கரண்டிக் காம்பு வளைந்தது. எழுந்து போய்க் கத்தியை எடுத்து வந்து குத்தினார், ஒரு பொடி தெறித்து அவர் கண்ணாடி மேலேயே விழுந்தது.

"கடப்பாரை இருக்கா தையலம்மா?" என்றார் ஸ்டெல்லா.

எல்லோரும் சிரித்தார்கள். பூவராகன் சிரிக்கவில்லை. டிரேயைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். நிமிர்த்தினார். உள்ளே தர்பூசணித் துண்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, தொடத்தான் முடியவில்லை. ஏழு கிண்ணங்களும் காலியாக இருந்தன. ஒருவர் எழுந்து குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

"நல்ல பழம்தாம்மா எல்லாம்," என்றார் பூவராகன், யாரோ பழத்தைக் குறை சொன்ன மாதிரி.

"நல்ல பழம்தான் ஐயா."

"ஒண்ணும் கெட்டுப் போகல."

"ஒண்ணும் கெட்டுப் போகல."

"கொஞ்ச நேரம் வெளிய வச்சா தானா இளகிடும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் வச்சுப் பாக்கலாம்மா."

"ரயில் எத்தனை மணிக்கு ஐயா?"

எந்த ரயில் என்று பூவராகனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார். ஆயுசு பூராவும் ரயிலை நேரத்துக்கு அனுப்பிவைத்த மனிதர் அவர். மணி நாலரை தாண்டியிருந்தது. சௌந்தரம் எங்கே போவதானாலும் ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிடுகிறவள். இந்நேரம் புடவை மாற்றியிருப்பாள். ஆட்டோவுக்குச் சொல்லியிருப்பாள்.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. இத்தனை மாதமாக அசையவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த மனது அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டது. சாப்பாடு தயார் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லக்கூட நாளைக்கு வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. விஷயம் தெரியாதவர்களுக்கும் அவர் முகத்தைப் பார்த்தால் ஏதோ ஒன்று என்று தெரிந்தது.

"நான் கிளம்பறேன்மா," என்றார்.

"வீடு எவ்வளவு தூரம்?"

"பொன்மலை. பஸ் கிடைச்சாலும் முக்கால் மணி ஆயிடும்."

தையல்நாயகி பூவராகனின் சட்டைப்பையில் இருந்த செல்போனைப் பார்த்தார். பூவராகனும் குனிந்து அதைப் பார்த்தார்.

போனை எடுத்து அவசரத்தில் இரண்டு தடவை தவறான இடத்தில் அமுக்கினார். மூன்றாவது தடவை மணி போனது. ரயில் சத்தத்திலேயே இருந்து காது மந்தமாகிவிட்டதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எதிர்முனையில் எடுத்த சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"ம்," என்றது சௌந்தரத்தின் குரல்.

பூவராகன் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. டீக்கடையில் அருவியாகக் கொட்டுகிற பேச்சு எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

"பேசாம இருக்கறதுக்கு ஒரு போனா?" என்றாள் சௌந்தரம். "அதை வீட்டுல இருந்தே பண்ணலாமே. நான் வீட்டைப் பூட்டிட்டுச் சாவியை எதிர்வீட்டுல குடுத்துட்டேன்."

பூவராகன் கண் கலங்கித் தையல்நாயகியைப் பார்த்தார். போன் அவர் கையில் வாய்க்கு நேராகவே இருந்தது.

"என்ன பேசறதுன்னே தெரியலையேம்மா," என்றார்.

போனில், பின்னால் எங்கோ ஓர் ஆட்டோவின் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பேசிட்டீங்க ஐயா," என்றார் தையல்நாயகி. "அவங்க இன்னும் போனை வைக்கல."